சித்தப்பாவின் வலது கால்

என் சித்தப்பாவின் வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. பஸ் ஓட்டுநர் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கால் இன்னும் பெறவில்லை. தொலைக்காட்சியில் ஒரு கார் வேகமாக வளைந்தால் சோபாவில் இருந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பார். சித்தி கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்பினாலும் மிதிப்பார். ஒருமுறை முடிவெட்டும் கடையில், கத்தி முகத்தருகே வந்தபோது மிதித்ததில் நாற்காலி சுழன்று பாதி மீசை போய்விட்டது. மீதியையும் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். "மீசை இல்லாம எப்படி இருப்பேன்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார். சித்தி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்தது உளவியல். அதை வைத்து என்ன வேலைக்குப் போவாய் என்று யாராவது கேட்டால் எனக்கு அவசரமாக வெளியே போகவேண்டியிருக்கும். சித்தப்பாவின் காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் உட்கார்ந்து பேசுவேன். புதிதாக ஒன்றைக் கற்கும்போது மூளையின் மேல்பகுதி கூடவே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கும். பழகிவிட்டால் உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதிகளிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்புறம் யோசிப்பதற்கு முன்பே கால் போய்விடும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது, என் மேல தப்பு இல்ல" என்பார் சித்தப்பா.

அவருடைய ஒரே மகளுக்கு, என் தங்கைக்கு, ரத்த வங்கியில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சித்தப்பாவே தன் பழைய காரில் சொல்லிக்கொடுத்தார். அவர் பக்கத்தில் இருந்தால் குறை சொல்ல முடியாதபடி ஓட்டினாள். ஆனால் தேர்வில் தோற்றாள். நிறுத்தக் கோட்டில் அவள் நிறுத்தவே இல்லை. பரிசோதகர் கைப்பிரேக்கை இழுத்த பிறகுதான் வண்டி நின்றது.

"தூங்கிட்டியாடி?" என்றாள் சித்தி.

"கோடு தெரிஞ்சதும்மா. கால்தான் வரல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயம்தான் காரணம் என்று சொல்லி மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது தேர்வில் நிதானமாக, ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டினாள்.

மாதக் கடைசிக்குள் இனி இருந்தது ஒரே ஒரு தேர்வு. மறுநாள் காலை நானும் காரின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். தங்கை ஓட்ட, பக்கத்தில் சித்தப்பா. குறுக்கே சைக்கிள் வந்தது, 'டப்' என்று சித்தப்பாவின் கால் தரையில் விழுந்தது, வண்டி நின்றது. சிக்னல் சிவப்பானது, டப், வண்டி நின்றது. எப்போதும் டப் முதலில், பிரேக் பிறகு.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டல" என்றேன். "சித்தப்பா காலைக் கேட்டு ஓட்டுற. பரிசோதகர் கால ஆட்டாம உக்காந்திருந்தா உனக்கு யாரு சொல்லுவா? மணி அடிச்சா சாப்பாடுன்னு ஒரு நாயப் பழக்குனாங்களாம். அப்புறம் சாப்பாடே இல்லாட்டியும், மணிச் சத்தம் கேட்டதும் அதுக்கு எச்சில்..."

"என்னை நாய்ங்கறியா?"

"நாய் இல்ல, நாய்க்கு நடந்த மாதிரி..."

"இறங்குண்ணா."

இறங்கி வீட்டுக்கு நடந்தேன். ஆனால் நான் சொன்னது அவள் மனதில் தைத்துவிட்டது. மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு, சித்தப்பாவைக் காலைத் தூக்கி இருக்கையில் மடித்து உட்காரச் சொன்னாள். கால் அடங்கியதும் அவர் வாயிலிருந்து 'உஸ்' என்று சத்தம் வந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் அவள் அந்த 'உஸ்'ஸுக்கு நிறுத்த ஆரம்பித்தாள். வாயையும் மூடிக்கொண்டார். அவர் பிடித்திருந்த கைப்பிடி கிறீச்சிட்டது. அதற்கும் நிறுத்தினாள்.

"அப்ப ஒண்ணுமே இல்லாத இடத்துல மிதிங்க சித்தப்பா" என்றேன். "நாலு தடவ பொய்யா மிதிச்சா அவ காது நம்பாது."

முயன்று பார்த்தார். வேண்டுமென்று மிதித்த அந்த மிதி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் காலடி போல மெதுவாக விழுந்தது. "நடிக்காதீங்கப்பா" என்று சொல்லி அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

"அவர் கண்ணக் கட்டிடுங்க. பாத்தாத்தானே மிதிப்பாரு" என்றாள் சித்தி, வீட்டில் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக்கள் இன்னும் எழாத நேரம். என் கைக்குட்டையால் அவர் கண்ணைக் கட்டினோம். வாசலில் நின்று சித்தி பார்த்தாள். "கண்ணக் கட்டிட்டு ஒருத்தர், கத்துக்குட்டி ஒருத்தி, பின்னாடி படிச்சவன் ஒருத்தன். விளங்கும்!"

முதல் தெருவில் அமைதி. கடைத்தெருவுக்குத் திரும்பியதும், டப்! தங்கை சட்டென்று நிறுத்தினாள். முன்னால் யாருமே இல்லை. நகர்ந்தோம். தபால் நிலையத்துக்கு எதிரே மறுபடி டப். நிறுத்தினாள். அங்கும் ஒரு ஈ காக்காய் இல்லை.

"எதுக்குப்பா?"

"தெரியலையே. தானா போகுது."

எனக்குத்தான் உறைத்தது. அது அவருடைய பழைய பஸ் வழி. கண் மூடியிருந்தாலும், எந்தத் திருப்பத்துக்கு அப்புறம் எந்த நிறுத்தம் என்று அவருக்குள் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. நடிப்பே இல்லாத பொய் மிதி! எங்களுக்கு வேண்டியது அதுதான்.

"போ, இதே வழியில போய்க்கிட்டே இரு" என்றேன்.

அந்த வாரம் தினமும் அதே வழியில் சுற்றினோம். முதலில் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நின்றாள். பிறகு, "யாருப்பா இங்க ஏறப்போறா?" என்று திட்டிவிட்டு நின்றாள். பிறகு திட்டினாள்; நிற்கவில்லை. காதை நம்ப முடியாமல் போனதும் கண் தானாக வேலைக்கு வந்தது. ஒருநாள் சந்திலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. சித்தப்பாவுக்கு எதுவும் தெரியாது. கால் சும்மா கிடந்தது. தங்கை அழுத்தி மிதித்தாள். சித்தப்பாவை பெல்ட் பிடித்து நிறுத்தியது.

"எதுக்குடி நிறுத்துன? இங்க ஸ்டாப்பே கிடையாதே!"

"பேசாம உக்காருங்கப்பா. ரோட்ட நான் பாத்துக்கறேன்."

கைக்குட்டைக்குக் கீழே, மறுபடி வளர்ந்திருந்த அவர் மீசை அசைந்தது. அவமானமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் பாடம் எங்கள் கல்லூரியில் இல்லை.

மூன்றாவது தேர்வில் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள். லைசென்ஸ் வந்தது. வேலையும் அவளுக்கே. சரிசெய்தது என் படிப்பா, சித்தியின் யோசனையா, அந்தப் பஸ் வழியா என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் கொஞ்சம் மார்பை நிமிர்த்திப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

லைசென்ஸ் வந்த அன்று எங்களை ஒரு சுற்று கூட்டிப்போனாள். முன்னால் சித்தி. சித்தப்பாவுக்குப் பின்னிருக்கைதான் என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் சாதாரணப் பயணியாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பந்து உருண்டு வந்தது. தங்கை அழகாக நிறுத்தினாள்.

"பாத்தீங்களாப்பா? சத்தமே இல்ல!"

"ஆமாம்மா, சத்தமே இல்ல" என்றார் சித்தப்பா.

அவர் கால் என் காலின்மேல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நானும் ஆமாம் என்றேன்.