புழுவுக்கென்று விடாத ஐந்து வரிசை

ஆடி இரண்டாம் ஞாயிறு. செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் ஊர் நிலத்தில் தம்பி பருத்தி ஊன்றினான். வேங்கிக்காலிலிருந்து காலை பஸ்ஸில் நானும் போயிருந்தேன். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து அவன் வைத்த முதல் வெள்ளாமை. தேறினால் ஊரோடு இருப்பான், இல்லாவிட்டால் மறுபடி ஓசூர். அவன் மனைவி ஒரு வருடம்தான் கெடு கொடுத்திருந்தாள்.

தின்கிற காய்ப்புழு சாகும்படி மரபணு மாற்றிய விதை அது. அப்போதெல்லாம் பெரிய பையோடு ஒரு சின்னப் பொட்டலமும் தருவார்கள். அதில் இருப்பது மாற்றாத சாதாரண விதை. வயல் ஓரத்தில் ஐந்து வரிசை அதை ஊன்றினால், அங்கே சாதாரணப் புழு பிழைத்துக் கிடக்கும். செடியின் நஞ்சைத் தாங்கித் தப்பிய ஒன்றிரண்டு பூச்சிகள் இவற்றோடு சேர்ந்தால், பிறக்கிற குஞ்சுகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி இருக்காது. முந்தின வாரமே இதைப் படித்து, தேதியோடு நோட்டில் எழுதியிருந்தேன்.

புழுவுக்கு என்று மட்டும் கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பொட்டலத்தைத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புழுவுக்குன்னு நிலம் உடணுமாண்ணா? சோறு போட்டு வளக்கணுமா அதுங்கள?"

சிரித்தான். நானும் சிரித்தேன். வேண்டாமென்றால் என்னிடம் கொடு என்று வாங்கி, தேதி எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் நாளிட்டு உறையில் போட்டுவைக்கிறவன் நான். இப்படி ஒரு பொட்டலம் என்னிடம் இல்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அது மட்டும்தான்.

கார்த்திகையில் போனபோது வயல் பச்சைப்பசேலென்று நின்றது. இன்றும் கனவில் வருவது அந்தப் பச்சைதான். இலையில் ஒரு ஓட்டை இல்லை. சில பூக்கள் மட்டும் விரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தன. தம்பி ஒரு காயைப் பறித்துப் பிளந்தான். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, தலையை மெல்ல ஆட்டியது. அடுத்த காயிலும் இருந்தது. நான்காவதற்குப் பிறகு அவன் பிளக்கவில்லை. காய்க்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடவில்லை. வெடித்த பஞ்சு பழுப்பாக, கட்டிகட்டியாக வந்தது.

மார்கழியில் செடிகளைப் பிடுங்கிக் கொளுத்தினோம். அப்போதுதான் அந்த ஐந்து வரிசை எதற்கென்று அவனிடம் சொன்னேன். நாம் மட்டும் ஊன்றியிருந்தால் இது நின்றிருக்காது, பல ஊர்களில் பல வருடம் ஊன்றாமல் விட்டதால் வந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மை. சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல எல்லாருந்தாண்ணா வீசினாங்க," என்றான். ஒரு செடியை நெருப்புக்குள் தள்ளிவிட்டு, "அவங்க யாரும் படிக்கல."

பொங்கலுக்கு முன்பே ஓசூருக்குப் போய்விட்டான். ஞாயிறுதோறும் போன் செய்வான். எங்கோ படித்த ஒன்றை நான் பேச்சில் எடுத்தால், "முழுசா சொல்லிடுண்ணா" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான்.