கடிக்கிற எலி

கூண்டின் மேல் கரியால் எழுதியிருந்தது, "கடிக்கும்" என்று. நான் மூன்றாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கஷ்டப்படவில்லை. கூண்டு ஒரு மரப்பெட்டி, முன்பக்கம் மட்டும் கம்பி. உள்ளே ஒரு வெள்ளை எலி மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எலி ஜோசியர் அந்தப் பெட்டியை என் சைக்கிள் கேரியரில் வைத்தார். அதன் மேல் வெற்றிலையும் பாக்கும் வைத்தார். வெற்றிலை பாக்கோடு கொடுத்தால் பொருள் கைமாறிவிட்டது என்று அர்த்தம். பாவமும் கூடவே கைமாறிவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நான் பண்ணக்கூடாது தம்பி. எனக்குச் சோறு போட்ட ஜீவன். புள்ளையாரு வாகனம் வேற. உனக்குப் பழகுன கை, நீ முடிச்சுடு" என்றார்.

பழகின கைதான். எங்களுக்கு அடி அண்ணாமலையில் கொஞ்சம் கொல்லை நிலம் உண்டு. அதில் மல்லாட்டை போடுவோம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். காய் பிடிக்கும் சமயத்தில் எலி வந்துவிடும். வளைக்குள் புகை போட்டு, வெளியே வருவதை அடிப்போம். ஊரில் மற்றவர்கள் கொல்லைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் பால் ஊற்றுகிற வேலை, மற்ற நேரம் கொல்லை வேலை. எழுபதுகளின் கடைசி அது. கலியாணமாகி முதல் குழந்தை பிறந்திருந்தது. எப்போதும் தூக்கம் பற்றாது.

ஜோசியர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் ஊர் வழியில் துணி விரித்து உட்காருவார். மலை சுற்ற வருகிற ஜனம் அப்போது இவ்வளவு கிடையாது. வந்தவர்கள் அவரிடம் நிற்காமல் போகமாட்டார்கள். கிளி ஜோசியம் எங்கேயும் உண்டு, எலி ஜோசியம் எங்கள் பக்கத்தில் இவரிடம் மட்டும்தான். கூண்டைத் திறந்தால் எலி வந்து வரிசையாக வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை இழுத்துப் போடும். ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பலன் கேட்டு முடித்ததும் பெண்கள் சும்மா போகமாட்டார்கள். பிள்ளையார் வாகனம் ஆயிற்றே. விரலில் குங்குமம் எடுத்து, கம்பி வழியாக விட்டு, அதன் நெற்றியில் பொட்டு வைப்பார்கள். பிறகு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒருத்தி வைத்தால் பின்னால் இருக்கிற எல்லோரும் வைப்பார்கள். சாயங்காலத்துக்குள் எலியின் முகம் பாதி சிவப்பாகிவிடும்.

அது எப்போது கடிக்க ஆரம்பித்தது என்று தெரியாது. முதலில் ஜோசியர் சமாளித்தார். "உங்களுக்குச் சனி சரியில்லம்மா, அதான் வெரலைப் புடிச்சுது. அது எல்லாரையும் கடிக்காது" என்பார். கடி வாங்கினவர்கள் பயந்துபோய் இன்னொரு பலன் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பௌர்ணமியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் பெண்சாதியைக் கடித்தது. ஆழமாகப் பட்டுவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. கடைக்காரர் துணியைப் பிடித்து இழுத்து, அட்டைகளை ரோட்டில் கொட்டினார். "எலிய வெச்சு ஊரை ஏமாத்துறியா? இன்னொரு வாட்டி இங்க பாத்தேன், உன்ன உள்ள தள்ளிடுவேன்" என்றார். யாரோ அடுப்புக்கரியை எடுத்து வந்து பெட்டியில் எழுதினார்கள். ஜோசியருக்கு அந்த எலியை விட்டால் பிழைப்பு இல்லை. எலி கடிக்கும் என்று பேராகிவிட்டால், அதை வைத்திருந்தாலும் பிழைப்பு இல்லை.

பெட்டியை மாட்டுக் கொட்டகையில் வைத்துத் திறந்தேன். கையில் தடி இருந்தது. எலி ஓடவில்லை. கொல்லையில் ஓடுகிற எலியை அடித்துத்தான் எனக்குப் பழக்கம். உட்கார்ந்திருப்பதை அடிக்கக் கை வரவில்லை. சரி, தூக்கி வெளியே விடலாம் என்று கையை விட்டேன், கட்டை விரலைக் கடித்துவிட்டது. கையை உதறினபோதுதான் அது முகத்தைத் திருப்பியது. வலது கண் இருந்த இடத்தில் குங்குமமும் பீளையும் சேர்ந்து ஒரு கட்டியாக இருந்தது. நான் கையை விட்டது அந்தப் பக்கம். மறுபக்கமாகக் கொண்டுபோனேன். மோந்து பார்த்தது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"பச்சப்புள்ள இருக்கிற வூட்ல கடிக்கிற எலியா? புத்தி இருக்குதாயா உனக்கு?"

"வூட்டுக்குள்ள கொண்டாரல. கொட்டாயில உத்தரத்துல மாட்டிடறேன்."

"ஊரு எலிய எல்லாம் அடிச்சுட்டு வருவ. இதுக்கு மட்டும் இன்னா, உனக்குச் சொந்தமா?"

எலியின் கண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையை எடுத்து வந்தாள். திரும்பி நின்று அதில் தாய்ப்பாலைப் பீச்சினாள். எங்கள் பக்கத்தில் கண் வலிக்கு அதுதான் மருந்து. பெரியவர்களுக்கு வலித்தாலும் பால் கொடுக்கிறவள் வீட்டுக்குப் பாலாடையோடு வருவார்கள். எலிக்கு யாரும் கேட்டு வந்ததில்லை. நான் பழைய துணியில் எலியைச் சுற்றிப் பிடித்தேன். அவள் துணித்திரியைப் பாலில் நனைத்துச் சொட்டினாள். துடைத்தாள். மறுபடி சொட்டினாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாடி, மூத்தது உள்ள அழுவுது, எளையதுக்குப் பாலு குடுக்கிறியாமே" என்றாள். என் வீட்டுக்காரி, "ஆமாக்கா. எம்புள்ளைக்குப் பத்தலன்னா உங்க வூட்டுக்கு வந்து கேக்கறேன், போங்க" என்றாள். ஆனால் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "கண்ணு தொறக்கற வரைக்கும்தான். அப்பறம் இது இங்க இருக்கக் கூடாது. புள்ள தவழ ஆரம்பிச்சுட்டான்."

அவள் சொன்னது சரி. கண் மெல்லத் திறந்தது. பார்வை பாதிதான் வந்திருக்கும். வெளியே விட்டால் காக்கா கொத்திவிடும். வெள்ளையாக இருப்பது கொல்லையில் ஒளிய முடியாது. ஊரில் எல்லோர் வீட்டிலும் எலிப்பாஷாணம் கலந்து வைத்திருந்தார்கள், நானே கலந்து கொடுத்ததுதான். யாராவது வைத்துக்கொள்வார்களா என்று கேட்ட இடத்தில் எல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

செங்கம் ரோட்டில் வாடகை அறைகளுக்குப் பால் ஊற்றுவேன். அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா வருஷக்கணக்காகத் தனியாக இருந்தார். கொஞ்சம் தமிழ் பேசுவார். ஒருநாள் பெட்டியையும் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "கடிக்குமா?" என்றார்.

"கடிக்கும்மா. இந்தப் பக்கமா கை வந்தா கடிக்கும், கண்ணு தெரியாது. அந்தப் பக்கமா வந்தா கடிக்காது. பொட்டு மட்டும் வெக்காதீங்க."

அவர் ஈரத்துணி எடுத்துக் கரியைத் துடைத்துவிட்டு, பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டார். தங்கள் ஊரில் பிள்ளைகள் எலி வளர்ப்பார்கள் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். "அந்த ஊரு பூனைங்க இன்னா வேலை பாக்குதாம்?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகையில் உத்தரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பால் கறக்க உட்கார்ந்தாள்.

ஜோசியர் புது எலி வாங்கியிருந்தார். அது அட்டையை இழுக்கவில்லை, உட்கார்ந்து கடித்துத் தின்றது. ஜனம் சிரித்துவிட்டுப் போய்விட்டது. அவர் என்னிடம் பழைய எலியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். பிறகு ஒரு பௌர்ணமியில் துணியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க பொதச்ச தம்பி? ஒரு சொட்டுப் பாலு ஊத்திட்டு வந்துடறேன். அதை நெனச்சா சோறு எறங்கல."

ஆள் பாதியாக இளைத்திருந்தார். உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் திரும்பக் கேட்பார். கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, அது அவர் பிழைப்பு. திரும்பப் போனால் மறுபடி குங்குமம், மறுபடி விரல். சொல்லாமல் விட்டால் இந்த மனுஷன் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவார். எனக்கும் மறைத்து மறைத்துச் சலித்துப்போயிருந்தது. "வாங்க" என்று சைக்கிளில் ஏற்றினேன்.

ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைக்காரம்மா தரையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். எலி அவர் தோளில் இருந்தது. இறங்கி மடிக்கு வந்தது, நூலை இழுத்தது, திரும்ப ஏறியது. அவர் ஒரு நெல்லை இடது பக்கமாக நீட்டினார், வாங்கிக்கொண்டது. நெற்றி சுத்த வெள்ளையாக இருந்தது. ஜோசியர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூலை அது இழுத்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், அட்டையையும் அப்படித்தான் இழுக்கும். அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாரு?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் ஜோசியர், "சும்மா, எலிய பாக்க வந்தேம்மா" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இது என்னுது இல்ல தம்பி. என்னுதுக்கு நெத்தியில பொட்டு இருக்கும்" என்றார். பஸ்ஸுக்கு நடந்தே போகிறேன் என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் மலைப் பக்கம் வரவில்லை. இப்போது என்னிடம் மாடு இல்லை. கொல்லையை மகன் பார்க்கிறான். அடி அண்ணாமலையில் பௌர்ணமி அன்று கூட்டத்தில் என் வீட்டு வாசலுக்கு நானே வழி கேட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த வாடகை அறைகளை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அன்றைக்கு எதையும் பெரிதாக நினைக்கவில்லை. வேலை இருந்தது, செய்தோம்.

ஜோசியரைக் கடைசியாகப் பார்த்தது, அது நடந்த அடுத்த வருஷம், கீழ்பென்னாத்தூரில், பஸ் நிற்கிற இடத்தில். தள்ளுவண்டியில் மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தம்மா எலி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"யாரையாவது கடிச்சுதா?"

"இல்லீங்க."

"கடிக்காது தம்பி" என்றார். "அது ரொம்ப சாது."