ஹாஜிரா எடுக்க மறுத்த குறை

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஹாஜிரா, ஓய்வு நாளில் படம் பார்த்துவிட்டு அதைப் பற்றி மூன்று நிமிடம் பேசி ஃபேஸ்புக்கில் போடுவாள். ஒரு பெரிய நடிகரின் புதுப் படத்தை, "இடைவேளைக்கு அப்புறம் கதையே இல்லலா" என்று சொல்லப்போய், ரசிகர்கள் அவளை ஒரு வாரம் திட்டித் தீர்த்தார்கள்.

அடுத்த வாரம், கேரி தீவுத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி விமலன் என்ற உள்ளூர் இளைஞர் இயக்கிய படம் கிள்ளானில் வெளியானது. நாளுக்கு ஒரே காட்சி. அரங்கில் ஏழு பேர். தாய் மகளைத் தேடிப் போகும் காட்சியில் ஹாஜிரா அழுதுவிட்டாள்.

"சவுண்டு பல இடத்துல சரியில்ல. ஆனா அந்த அம்மா மகளைத் தேடிப் போற சீனுக்காகவே போய்ப் பாருங்க" என்று பேசிப் போட்டாள்.

விமலன் உடனே அழைத்தார். "அக்கா, சின்னப் படம்லா. சவுண்டு மேட்டரை மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுக்க மாட்டேன் தம்பி. அதை மறைச்சா, நான் பாராட்டுனதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனாள். டிக்கெட் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முன்னால் நின்ற பெண் தோழியிடம், "பெரிய படத்தையே பயப்படாம குறை சொன்ன அக்கா, இது நல்லாருக்குன்னா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். இரண்டு காட்சிகள் கூட்டியும் அரங்கு நிறைந்துவிட்டது. ஹாஜிராவுக்கு முதல் வரிசை ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி, படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.