பஸ் வராத வாரம்

கிருத்திகைதோறும் கூடிப் பாடும் அன்பர்களே, எனக்கு வந்தது பல்வலி என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. வலி பல்லில் இல்லை, முகத்து நரம்பில் என்று சொல்லி கள்ளக்குறிச்சி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. இடது கன்னத்தில் கரண்ட் பாய்ந்தது போல வெட்டும். மெல்ல முடியாது. பேச முடியாது. வாத்தியார் வேலை பார்ப்பவன் பேசாமல் என்ன செய்வது?

பள்ளிக்கூடம் கல்வராயன் மலைமேல். காலை முதல் பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் வெயிலில் இருந்தால் வலி கம்மி. ஆகவே மலைக்குளிர்தான் என் எமன் என்று முடிவு கட்டினேன். "முருகா, என்னைக் கீழே இறக்கிவிடு." எட்டு மாதம் இதே வேண்டுதல். மாற்றல் வரவில்லை. மனம் ஒடிந்து, ராஜினாமா கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடம், புரட்டாசி மாதம். நான் போன பஸ்தான் கடைசி. உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் பக்கமெல்லாம் ரோட்டில் மரங்கள் கிடந்தன. கடிதத்தை வாங்க வேண்டிய தலைமை ஆசிரியர் கீழே மாட்டிக்கொண்டார், கொடுக்க வேண்டிய நான் மேலே. வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தேன். "இறக்கச் சொன்னால் பூட்டி வைக்கிறாயே" என்று முருகனிடம் சண்டையே போட்டேன். அழுதேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், சத்துணவு சமைக்கும் மல்லிகா அக்கா களி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னா சார், இன்னிக்கி ரெண்டு பக்கமும் மெல்றீங்க?"

கை அப்படியே நின்றது. வலிக்கவில்லை.

"பசங்க உங்களுக்கு ஊமை வாத்தியார்னு பேரு வெச்சிருந்தாங்க. காலைல நீங்க பாடம் நடத்துன சத்தம் எங்க வூடு வரிக்கும் கேட்டுது. அந்தப் பேரு இனிமே செல்லாது."

குளிர் குறையவில்லை. பனியும் அப்படியே. வலி மட்டும் இல்லை. ஏனென்று எனக்குப் புரியவில்லை.

ஆறாம் நாள் பஸ் வந்தது. மாற்றுத்துணி எடுக்க ஊருக்குக் கிளம்பினேன். கண்டக்டர் சிரித்தார்: "வாங்க சார். உங்க ஜன்னல் சீட்டுல ஒருத்தரையும் குந்த வுடல. உங்க பேருக்குப் பட்டா போட்டதாச்சே."

வேடிக்கை பார்க்காமல் என்னால் பயணம் செய்ய முடியாது. தினமும் அதே இடதுபக்க ஜன்னல், முகம் வெளியே. இரண்டாவது வளைவில் காற்று கன்னத்தில் அறைந்தது. பளீரென்று வெட்டியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்னைக் காத்தது வெயில் இல்லை. அன்று நான் பஸ் ஏறுவதில்லை.

எழுந்து வலதுபக்கம் உள்ளே போய், துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வருவதற்குள் வலி அடங்கிவிட்டது. டாக்டரும், "காத்து பட்டா தூண்டும். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார்.

இப்போது மலையிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எப்போதாவது வலி எட்டிப் பார்க்கும். பாடம் நிற்பதில்லை. அந்தக் கடிதம் முருகன் படத்துக்குப் பின்னால் கிடக்கிறது.

கேட்டதற்கு நேர்மாறாக உங்களுக்கும் நடக்கலாம். அவனோடு சண்டை போடுங்கள், தப்பில்லை. சில நாள் பொறுத்தும் பாருங்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒருமுறை வாருங்கள். பஸ்ஸில் அந்த ஜன்னல் சீட்டு காலியாகத்தான் இருக்கும்.