கழக்கூட்டத்துச் சம்பளம்

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டுக்காரி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தோழி. படித்தது ஒன்றாக, ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்ததும் ஒன்றாக. வயதில் கொஞ்சம் மூத்தவள் என்பதால் வரிசையில் அவள் முன்னே, நான் பின்னே. எங்கள் வங்கியில் எல்லாமே வரிசைதான். படிப்பு, சாமர்த்தியம், மேனேஜருக்கு வைக்கிற கும்பிடு, எதுவும் செல்லாது. முன்னால் இருப்பவர் எழுந்து போனால்தான் பின்னால் இருப்பவர் அந்த நாற்காலியில் உட்காரலாம்.

ஹெட் கிளார்க் ஆன கையோடு அவளுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் போடுகிற பிரிவு. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் நாற்காலி எனக்கு வந்தது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கானால் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சம்பளத்தைப்போல இரண்டு மடங்காம். அவள் சொல்லவில்லை, அவளுடைய மாமியார் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள்.

அதன்பிறகு எதிர்வீட்டில் நடந்ததெல்லாம் என் கண்ணில் விழுவதற்கென்றே நடந்தது. சுவருக்குப் புது வர்ணம். வாசலில் வெள்ளைக் கார். சாலைக் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கும்போதும் கழுத்தில் கம்பெனி அட்டை. எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவள் அறையில் மாட்டிய ஏசியைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் தெருவின் அகலம் ஊருக்கே தெரியும், கை நீட்டினால் எதிர்ச்சுவர். ஏசியின் வெளிப்பெட்டியை எங்கள் படுக்கை அறை ஜன்னலைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். அவள் குளிரக் குளிரத் தூங்க, அந்தச் சூடெல்லாம் என் முகத்தில் அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்த்துக் கொட்டப் படுத்திருப்பேன். தூக்கமா வரும்?

போன வருஷம் என் மகள் பிளஸ் டூவில் இருந்தாள். இன்ஜினியரிங் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கவர்ன்மென்ட் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் எங்கள் இருவர் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை. அந்தச் சமயத்தில்தான் தோழி ஒருநாள் சாயங்காலம் வந்தாள். அவளுடைய பிரிவில் இன்னொரு ஆள் வேண்டுமாம்.

"உன் பேரச் சொல்லியிருக்கேன், கேட்டயா. இன்டர்வியூ சும்மா ஒரு பேச்சுக்குத்தான். எத்தன நாளைக்குடீ அந்த பேங்கிலயே உக்காந்து பூசணம் பிடிப்பே?"

நல்லதுதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கொடுக்கிற இடத்தில் அவள், வாங்கிக்கொள்கிற இடத்தில் நான். அங்கேயும் அவள் முன்னே, நான் பின்னே. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கோயில் தேவஸ்வத்தில் வேலை, எதையும் நிதானமாகத்தான் பேசுவார். "உன் இஷ்டமாக்கும். ஆனா பென்ஷன் கிட்டற ஜோலிய ஆராவது விடுவாளா?" என்றார். அதோடு பேப்பரை எடுத்துக்கொண்டுவிட்டார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைக் கிளப்பியது. ஒரு வியாழக்கிழமை காலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கழக்கூட்டம் போனேன். அவள் சொன்ன மாதிரியே எல்லாம் சுலபமாக முடிந்தது. உட்காரப் போகிற இடத்தைக்கூடக் காட்டினார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்றார்கள். போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டுதான் திரும்பினேன்.

வங்கியில் நான் ஒரே ஒருத்தியிடம்தான் வாய் விட்டிருந்தேன். எனக்கு அடுத்த வரிசைக்காரி, வித்துராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். அப்பா அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிப் படிக்கவைத்த பிள்ளை. கெட்டிக்காரி, இன்னும் முப்பது ஆகவில்லை. அரைநாள் லீவு எதற்கு என்று கேட்டாள், சொல்லித் தொலைத்தேன்.

நான் எழுந்தால் வரிசை மொத்தமும் ஒரு படி ஏறும் என்பதை எப்படித்தான் மறந்தேனோ. மத்தியானம் உள்ளே நுழைந்தபோது வாசலில் டோக்கன் கொடுக்கிற பியூனிலிருந்து கேஷியர் வரைக்கும் எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. ஆளாளுக்கு எனக்கு உபதேசம். வாய்ப்பு ஒருமுறைதான் வரும், தைரியமாகப் போங்கள், நாங்களெல்லாம் இருக்கிறோம் என்றார்கள். இருப்பார்கள், இருக்காமல் என்ன? வழியனுப்பு விழாவுக்குப் பருப்பு வடை எந்தக் கடையில் சொல்வது என்பது வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள். நான் இன்னும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை.

என் இடத்துக்குப் போனேன். அந்த வித்துராப் பெண் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர்தான் உட்காரச் சொன்னாராம், எப்படியும் பழகிக்கொள்ள வேண்டுமே என்று. அவள் கொஞ்சம் குட்டை. நாற்காலியைத் தன் உயரத்துக்குத் திருகி ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்க ஒண்ணும் பேடிக்க வேண்டாம். இங்க உள்ளத எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

வஞ்சனை இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் அந்த நாற்காலிக்கு நான் தலை நரைக்கிறவரை காத்துக் கிடந்தேன். இவள் நேற்று வந்தவள், என்னைத் தள்ளாமல், ஒரு கேள்வி கேட்காமல் நோகாமல் உட்கார்ந்துவிடுவாளா? எதிர்வீட்டு ஏசி, கார், மகளின் முகம், எல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயின என்று தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்து அடிமட்டம் வரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். நான் எங்கேயும் போகவில்லை என்று கேஷியருக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்.

தோழியிடம் பென்ஷன் என்றேன். அவரிடம் நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன், அவருக்கு வாயெல்லாம் பல். மகளிடம் லோன் போடலாம் என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வித்துராப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாடிய முகத்தைப் பார்த்து இரண்டு வாரம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராஜினாமா கொடுத்துவிட்டாளாம்.

"உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எத்தன வருஷம் கிடக்கு. அதுவரைக்கும் நான் இதே ஸீட்லதானே இருக்கணும்? அதான் உங்க ஃப்ரெண்டு நம்பர் தேடி வாங்கி நானே விளிச்சேன் அக்கா. அந்த ஜோலி அப்பவும் ஆளில்லாம ஒழிஞ்சுதான் கிடந்துச்சு."

தோழி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வாள்? வேண்டாம் என்றவள் நான்தானே. சோறு வாயிலேயே நின்றது. நான் போயிருந்தால் இவள் இங்கேயே ஹெட் கிளார்க்காக இருந்திருப்பாள். நானே பிடித்துத் தள்ளி அனுப்பியிருக்கிறேன், அதுவும் எனக்கு வந்த வேலைக்கு.

அவளுக்கு உள்ளூரப் பயம். போனிலேயே பேசி எடுத்துவிட்டார்கள், அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. நம் ஆபீஸில் அங்கே போய் வந்தது நீங்கள் ஒருத்திதான், எப்படி இருக்கும் என்று கேட்டாள். எந்த வாசல், எந்த லிஃப்ட், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஜன்னலோரம் ஒரு ஸீட் இருக்கும், அதையே கேட்டு வாங்கிக்கோ. அங்கேந்து பாத்தா கடல் தெரியும்" என்றேன்.

அந்த ஸீட்டைத்தான் எனக்குக் காட்டியிருந்தார்கள்.