மாடு குடிக்காத தண்ணீர்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. பள்ளிக்கூடச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் துபாஷி. வகுப்பில் ஆங்கில வாத்தியார். வெளிநாட்டார் யாராவது வந்து இறங்கினால் ஜீப்பின் முன் இருக்கையில் அவர்தான். அவர்கள் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அவரை விட்டால் அதற்கு ஆள் கிடையாது.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம் சுருக்குவதில் இருந்தது. நம் ஆட்களிடம் ஒன்று கேட்டால் ஆதியோடந்தமாகத்தானே சொல்வார்கள்? தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்றால், நாத்தனார் வீட்டுக்குப் போன கதையில் தொடங்கி, வழியில் கால் சுளுக்கியதைச் சொல்லி, சுளுக்கு எடுத்தவரின் குணத்தை விவரித்து, ஒரு வழியாக ஆற்றங்கரைக்கு வந்து சேர்வார்கள். துபாஷி அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஆற்றில்” என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிப்பார். இவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்று வந்தவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் கேட்கமாட்டார்கள். வெயில் அப்படி.

இப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. ஒரே மகள் நகரத்தில் இருக்கிறாள். தினமும் விடியும் நேரத்தில் அவருக்கு விழிப்புத் தட்டும். வாசலில் கைப்பம்பு இரண்டு முறை கிறீச்சிடும்; பிறகு குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இரண்டு கிறீச், ஒரு விழுதல். அவர் மனைவி பம்பை அடிக்கிற முறை அது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்ப்பார். பம்பு நின்ற இடத்திலேயே நிற்கும், உச்சி முதல் அடிவரை சிவப்புப் பெயின்ட் அடித்து. பிடியைக் கழற்றிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. பிடி இல்லாத பம்பை யார் அடிக்க முடியும்? அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் தினமும் கதவைத் திறக்கிறார்.

பம்பு வந்த கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு அமைப்பு ஊருக்குக் குடிதண்ணீர் தர முன்வந்தது. அதுவரை ஆற்றுத் தண்ணீர்தான், போக வர ஒரு மணி நேரம். குழந்தைகளுக்கு வருடத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. ஆகவே திட்டம் நல்ல திட்டம். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் அனுப்பிய பொறியாளரும் நல்ல மனிதர். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு நோட்டு. எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். தெருவில் எத்தனை மரம் என்றுகூட எண்ணி எழுதினார். ஊருக்குக் கிழக்கே பள்ளத்தில் ஆழ்குழாய் இறக்குவது என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் வைத்தார்.

ஆறாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிகிற நேரம். “அந்த இடத்துத் தண்ணீரைப் பற்றி வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், எதுவாக இருந்தாலும்” என்று பொறியாளர் கேட்டார். பால்காரம்மா எழுந்தார். ஏழு மாடு வைத்துத் தெருத்தெருவாகப் பால் ஊற்றுகிறவர்.

“அய்யா, அந்தப் பள்ளத்துல பழைய ஊத்து ஒண்ணு இருக்கு. எங்க மாடு எவ்வளவு தாகத்துல வந்தாலும் அதுல வாய் வைக்காது. மோந்து பாக்கும், தலைய ஆட்டும், திரும்பிடும். எங்க மாமியார் வச்சிருந்த மாடும் அப்படித்தான். அங்க தோண்டாதீங்க, வேற இடம் பாருங்க.”

பின்பெஞ்சில் ஒருவன், “அப்ப மாட்டையும் கமிட்டில சேத்துக்குவோம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பொறியாளர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு துபாஷியின் முகத்தைப் பார்த்தார்.

முந்தின நாள்தான் அந்தப் பொறியாளர், “உங்கள் ஆங்கிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் ஊர்க்காரர் பேசுகிற மாதிரி இருக்கிறது” என்று சொல்லியிருந்தார். அந்தப் பாராட்டின் சூடு துபாஷிக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வாயால் மாட்டைச் சாட்சிக்கு இழுப்பதா? ஊரைப் பற்றி என்ன நினைப்பார், தன்னைப் பற்றி என்ன நினைப்பார்? அவருக்குக் காது மடல் சூடானது. வெட்கம். சுத்தமான, முட்டாள்தனமான வெட்கம்.

“அங்கே மாடு மேய்ப்பதுண்டு என்கிறார். வேறு ஆட்சேபணை இல்லை” என்று சொன்னார்.

பொறியாளர் “ஆட்சேபணை இல்லை” என்று எழுதிக்கொண்டு பென்சிலைக் காதில் சொருகினார். தான் சொன்னது முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று நினைத்துப் பால்காரம்மா உட்கார்ந்தார். துபாஷி அன்று சாயங்காலம் இதை வீட்டில் ஒரு வேடிக்கையாகச் சொன்னார். மாடு தலையாட்டுவதை நடித்தும் காட்டினார். மனைவி சிரித்துச் சிரித்து, கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

பள்ளத்திலும் அதை ஒட்டிய துபாஷியின் தெருவிலுமாகப் பம்புகள் நான்கு வந்தன. துபாஷி செய்த உதவிக்கு மரியாதையாக ஒன்றை அவர் வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். கிருமி இருக்கிறதா என்று சோதித்தார்கள், இல்லை. வேறெதையும் சோதிக்கவில்லை, சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வேறெதுவும் இல்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நின்றது. துபாஷியின் மனைவி பம்படியில் குடத்தோடு நிற்கும் படம் அந்த அமைப்பின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் வந்தது. ஊரில் ஒரே ஒருவர்தான் பம்புத் தண்ணீரைத் தொடவில்லை. பால்காரம்மா இடுப்பில் குடத்தோடு தினமும் ஆற்றுக்கு நடந்தார். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்றது ஊர். அவர் வீட்டு மருமகளே அப்படித்தான் சொல்லிக்கொண்டு பம்பில் பிடித்தாள்.

ஆறாம் வருடம் மனைவியின் உள்ளங்கையில் புள்ளிகள் வந்தன. புழுதியில் மழைத்துளி விழுந்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். பிறகு அவை தடித்து ஆணி ஆயின. துணி பிழியும்போது வலிக்கிறது என்றாள். தெருவில் ஒவ்வொரு வீடாக அதே கை. இரண்டு வருடம் களிம்பு தடவிப் பார்த்த பிறகுதான் யாரோ தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஆர்சனிக் என்றார்கள். நம் பேச்சில் பாஷாணம். பம்புகளுக்குச் சிவப்படித்துப் பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் மனைவிக்கு ஈரல் போயிருந்தது. அவளுக்கு முன்னால் அதே தெருவில் இருவர். பால்காரம்மாவின் மருமகள் பிழைத்தாள், ஆனால் பால் கறக்க முடியாத கையோடு.

ஊர் துபாஷியைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் என்று டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து ஏசியிருந்தால்கூடத் தூங்கியிருப்பார். விட்டுவிட்ட அந்தப் பேச்சை அவர் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். குளிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கரும்பலகையைத் துடைக்கும்போதும். ‘மோந்து பாக்கும், தலைய ஆட்டும், திரும்பிடும்.’ ஆங்கிலத்தில் அதைச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. பத்து விநாடி ஆகும். அந்தப் பொறியாளர் நிச்சயம் எழுதியிருப்பார். மரத்தை எண்ணினவர் மாட்டை விட்டிருப்பாரா? எழுதியிருந்தால் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால் இன்னொரு சோதனை செய்திருப்பார். இந்த இடத்துக்கு வந்ததும் துபாஷி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அப்படி இருக்கும்போதுதான் போன மாதம் அந்த அமைப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திட்டம் ஏன் தோற்றது என்று ஆராய ஒரு அம்மாள் வருகிறார், மொழிபெயர்ப்புக்குத் தாங்கள் வேண்டும் என்று. மாட்டேன் என்று எழுத மூன்று நாள் முயன்றார், முடியவில்லை.

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு நகரத்தில் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் வேலை. எத்தனையோ படிப்பு இருக்க ஏன் இது என்று கேட்பவர்களிடம் “அம்மாவுக்காக” என்று மட்டும் சொல்வாள். காதில் பென்சில் வைத்திருந்த அந்தப் பொறியாளரை அவள் மன்னிக்கவே இல்லை. “பால்காரம்மா அவ்வளவு தெளிவா சொல்லியும் அந்தாளு கேக்கலயேப்பா” என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். துபாஷி அப்போதெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார். இருப்பது அவள் ஒருத்தி. அவளும் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்பதுதான் அவர் பயம்.

அதே பள்ளிக்கூடம், அதே ஆறாம் வகுப்பு. வந்த அம்மாள் மடிக்கணினியில் ஒரு படிவத்தைத் திறந்து வைத்திருந்தாள். தோல்விக்கான காரணங்கள் அதில் கட்டம் கட்டமாக இருந்தன. தொழில்நுட்பமா, பராமரிப்பா, மக்கள் ஒத்துழைப்பா; எதற்கு எதிரே டிக் போடுவது என்பதுதான் பாக்கி. மகள் ஜன்னலோரம் நின்றாள். துபாஷி ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பால்காரம்மா எழுந்தார். இப்போது தடி ஊன்றித்தான் எழ முடிகிறது.

“நான் அன்னைக்கே சொன்னேன்மா. இதே எடத்துல நின்னு சொன்னேன், மாடு குடிக்காது, தோண்டாதீங்கன்னு. வாத்தியாரும் பாவம், எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாரு. உங்க ஆளுதான் காதுல வாங்கல. பென்சிலச் சொருகிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.”

இந்த முறை எதையும் சுருக்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி மாற்றிச் சொன்னால் போதும், அவர் தப்பிவிடுவார். பால்காரம்மாவே சாட்சி. ஜன்னலோரம் மகள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். துபாஷி மாற்றிச் சொன்னார். ஒரு எழுத்துக் குறையவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சரியாக மொழிபெயர்த்ததில்லை.

அந்த அம்மாள் பழைய அறிக்கையைப் புரட்டினாள். “இதில் ஆட்சேபணை இல்லை என்றல்லவா இருக்கிறது? எங்கள் பொறியாளர் மறைத்திருக்கிறாரா?” என்று கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

அப்போது அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில். இரண்டு முறை கிறீச். பெஞ்சாகக்கூட இருக்கலாம். மூன்றாவதாகத் தண்ணீர் விழும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை.

“எழுதாதீர்கள்” என்றார் ஆங்கிலத்தில். “அவர் மறைக்கவில்லை. அவருக்குச் சொல்லப்படவில்லை. நான் சொல்லவில்லை.”

அந்த அம்மாள் பழக்கதோஷத்தில் பால்காரம்மாவைப் பார்த்தாள். மற்றவர்கள் பேச்சை ‘நான், நான்’ என்று மாற்றிச் சொல்லியே துபாஷியின் காலம் போயிருந்தது. இப்போது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஜன்னலோரத்தில் மகள் அசையாமல் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. அவர் ஊர்ப்பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்க சொன்னத நான் அவருகிட்ட சொல்லவே இல்ல. அங்க மாடு மேயும், ஆட்சேபணை இல்லன்னு சொல்லிட்டேன்.”

பால்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் வாத்தியாரே, வாய் வலிச்சுதா?”

“வெக்கமா இருந்துச்சுக்கா. மாடு சொல்லுதுன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு.”

“மாட்டுக்கு வெக்கம் கெடையாது. அதான் அது பொழச்சுது” என்று சொல்லிவிட்டுப் பால்காரம்மா மெல்ல உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மருமகள் இரண்டு கைகளையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மகள் ஜன்னலை விட்டு வந்து அவர் எதிரே நின்றாள். “அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியும் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவருக்குக் கைவந்த கலைதானே அது. அன்று அவர் எதையும் சுருக்கவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதிலிருந்து தொடங்கினார். மாடு மாதிரி தலையாட்டிக் காட்டியது, மனைவி சிரித்தது, கரண்டி விழுந்தது. எட்டு வருடம் கழித்துச் சோதனைத் தாள் வந்த நாளில் அவள் கட்டிலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“அப்புறம் சொன்னா, ‘ஏங்க, அந்த மாடு சரியாத்தான் சொல்லியிருக்கு. நானும்ல சேந்து சிரிச்சேன். இத நம்ம பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கப்புறம் அவளுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா’ன்னு.”

மகள் அழவில்லை. அவரைத் தொடவும் இல்லை.

“அவர் என்ன சொன்னார்?” என்று அந்த அம்மாள் கேட்டாள். யாரைப் பார்த்துக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. துபாஷி வாயைத் திறந்தார். குரல் எழவில்லை.

மகள் அவள் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள், முதலிலிருந்து. பள்ளத்து ஊற்று, மாடு மோந்து பார்த்தது, பின்பெஞ்சுச் சிரிப்பு, அப்பாவின் வெட்கம், அம்மாவின் கரண்டி. ஒன்றையும் விடவில்லை. கட்டிலில் அம்மா சொன்ன இடம் வந்ததும் அவள் குரல் நின்றது. துபாஷி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது.

பிறகு அவள் அதையும் சொன்னாள்.