பார்க்க ஒன்றுமில்லாத தெரு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் எனக்கு மேல்வீட்டில் இருப்பவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம். போர்க்காலத்தில் அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, மனைவியோடும் ஒரு பையோடும் வந்தவர். போர் முடிந்து பாதை திறந்த பிறகும் ஊர்ப்பக்கம் போகவில்லை. கேட்டால், அவ்வளவு தூரம் உடம்பு தாங்காது என்பார்.

புதுத் தண்டவாளம் போட்டு, ஏசி பெட்டிகளோடு வேகமான ரயில் ஓடத் தொடங்கியபின் அந்தச் சாட்டு எடுபடவில்லை. விடிய முன்னம் வெள்ளவத்தையில் ஏறினால் மத்தியானச் சாப்பாடு யாழ்ப்பாணத்தில். எங்கள் கட்டடத்துச் சிங்களக் குடும்பங்கள்கூடச் சனி ஞாயிறில் போய், நல்லூரையும் கோட்டையையும் பார்த்து, பனங்கட்டி வாங்கிக்கொண்டு வந்தார்கள். போன வருஷம் நான் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்கு வெளிக்கிட்டபோது நானாவின் மனைவி இறங்கி வந்தார். தனக்கு முழங்கால் ஏலாது, இவர் உங்களோடு வரப் பார்க்கிறார், கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பெட்டி முழுக்க உல்லாசப் பயணிகள். வவுனியா தாண்டியதும் ரயில் இன்னும் வேகமெடுத்தது. எல்லாரும் ஜன்னலோரம் எழும்பிப் படம் எடுத்தார்கள். நானா மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் வாசலில், இடங்களின் படங்கள் ஒட்டிய ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. எங்களுக்குக் கிடைத்த சாரதி முப்பது வயதுக்காரர், பணிவானவர். ஐயா யாழ்ப்பாணத்துக்கு முதல் தரமோ என்று கேட்டார்.

"ஓம் தம்பி. முதல் தரம்."

நான் திரும்பிப் பார்த்தேன். நானாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சாரதி கோட்டையைக் காட்டினார், நூலகத்தைக் காட்டினார், ரயில் வந்தபிறகு முளைத்த ஹோட்டல்களையும் பெருமையாகக் காட்டினார். தான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி வேறொருவர் சொல்ல, நானா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கம் விடச் சொன்னார்.

"அங்க பாக்க ஒண்டுமில்லை ஐயா. டூரிஸ்ட் ஆக்கள் அங்க போறேல்லை."

"பரவாயில்லை, போங்கோ."

திரும்பி வந்த சில குடும்பங்கள் அங்கே இருந்தன. மற்ற வீடுகளுக்குக் கூரை இல்லை. அறைகளுக்குள் மரம் வளர்ந்திருந்தது. ஓரிடத்தில் ஹோட்டல் கட்ட அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்துக் காணியில் ஒரு பச்சைச் சுவர் மட்டும் நின்றது. நானா இறங்கிப் போய் அதன் முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நானும் கேட்டுப் பார்த்தேன். காகம்கூடக் கத்தவில்லை.

சாரதி தன் வேலையைச் செய்தார். இங்கே இருந்த சனம் அந்தக் காலத்திலேயே போய்விட்டது, எங்கே போனதோ தெரியாது என்றார்.

"கொழும்புக்குத்தான்," என்றார் நானா.

சாரதி அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், நானா தங்க இருந்த ஹோட்டலில் இறக்கினார். இறங்கும்போது நானாவின் பையை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அன்றிரவு நானா அந்த ஹோட்டலில் தங்கினார், நான் சித்தி வீட்டில். அடுத்த நாள் ஸ்டேஷனுக்கு வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன. ஏசி சத்தத்தில் நித்திரை வரவில்லை என்றார். ரயில் அனுராதபுரத்தைத் தாண்டியது. பிறகு மெல்லச் சொன்னார்:

"இவ்வளவு கிட்டத்தானே இருந்திருக்கு, தங்கச்சி."



அவர் பிறகு யாழ்ப்பாணம் போகவில்லை. ஆனால் விடிய முன்னம் எழும்பி, முகம் கழுவி, வெளியே போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாராம். எங்கே போகப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டால், எங்கேயும் இல்லை என்கிறாராம். வெளிச்சம் வந்ததும் உடுப்பை மாற்றிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறாராம்.

இப்போது அந்த நேரத்துக்கு எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. மேலே அவர் கதிரையை இழுத்துப் போடுவது கேட்கிறது.